திருத்தம் இல்லாத நாலு வரி

சென்னையிலிருந்து வரும் ஓர் இங்கிலீஷ் பேப்பருக்கு நான் காஞ்சிபுரம் நிருபர். நிருபர் என்றதும் கார், கேமரா என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ஸ்கூட்டி, ஒரு போன், பிள்ளையார்பாளையத்தில் ஒரு வாடகை வீடு, அவ்வளவுதான். படித்ததெல்லாம் தமிழ் மீடியம். அதனால் நான் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் சென்னையில் செய்தி திருத்தும் டெஸ்க்கில் இருக்கும் மேடம் போனிலேயே கிழித்துத் தொங்கவிடுவார். 'பாஸ்டு அவே' எழுதாதே, 'டைடு' போதும். 'எக்ஸ்பயர்டு' மாத்திரை அட்டைக்கு, மனுஷனுக்கு இல்லை. முதலில் ஆள் யார், என்ன வயது, எந்த ஊர். அப்புறம்தான் என்ன நடந்தது. எனக்கும் ரோஷம் இருக்காதா?

அந்த ரோஷத்தில் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. நடக்காத செய்திகளை எழுதிப் பழகுவேன். சாயப்பட்டறையில் தீ, பஸ் மோதல், ஏரியில் மூழ்கிச் சாவு. கற்பனை ஆளை வைத்து எழுதினால் வாக்கியம் தள்ளாடும். தெரிந்த ஆளை நினைத்து எழுதினால் நேராக வரும். அப்படித்தான் ஒருநாள் எதிர்வீட்டு நெசவாளி அண்ணனை வைத்து நாலு வரி எழுதினேன். பேர் போடவில்லை. பிள்ளையார்பாளையத்து நெசவாளி, வயது ஐம்பத்திநாலு, முசரவாக்கத்துக்கு சைக்கிளில் போகும்போது ஏரிக்கரையில் சறுக்கி விழுந்து மூழ்கி இறந்தார். அங்கே அவர் தங்கச்சி வீடு இருக்கிறது, அடிக்கடி போவார். மழைக்காலம் வேறு. தங்கமான மனுஷன், என்னைப் பார்த்தால் டீ குடித்தாயா என்று கேட்காமல் போகமாட்டார். அவரைத்தான் நான் அப்படிச் சாகடித்து வைத்தேன்.

மறுநாள் அவசரத்தில், குப்பைக் கிடங்குச் செய்திக்குப் பதிலாக இதை அனுப்பித் தொலைத்தேன். அடுத்த காலை பேப்பரில் உள்பக்கம் நாலு வரி. கை கால் ஓடவில்லை. அதற்குள் மேடத்தின் போன். ஒரு கமாகூட மாற்றவில்லை, இப்படித்தான் எழுதணும் என்றார். பயம் ஒரு பக்கம், வெட்கங்கெட்ட சந்தோஷம் ஒரு பக்கம். தவறு என்று சொல்லித் திருத்தம் போடக் கேட்டு ஒரு மெயில் அடித்தேன். அனுப்பவில்லை. பேர்தான் இல்லையே, யார் வந்து கேட்கப்போகிறார்கள், நாமே போய் வேலைக்கு உலை வைத்துக்கொள்வானேன் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பேப்பரை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. பழைய பேப்பரெல்லாம் வாராவாரம் எதிர்வீட்டுக்குத்தான் போகும். மழைநாளில், நெய்யும்போது கால் இறக்கி வைக்கும் தறிக்குழியில் ஈரம் ஏறும். அண்ணன் குழிக்குள் காலுக்கடியில் பேப்பர் விரித்துக்கொள்வார். கட்டின் நடுவில் அதையும் செருகிக் கொடுத்துவிட்டேன். அதோடு தொலைந்தது என்று பார்த்தால், அன்றிலிருந்து அவர் தறிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த நாலு வரிதான் ஞாபகம் வந்தது. ஒருநாள் அதை உருவி எடுத்துவிடலாம் என்று அவர் வீட்டுக்குள் போனேன். குழியில் அவர் இரண்டு காலும் அந்தத் தாளின் மேல்தான் இருந்தன. என்னம்மா என்றார். சும்மாதாண்ணா என்று திரும்பி வந்துவிட்டேன்.

பேப்பரில் வந்த எட்டாம் நாள் மதியம் தறிச் சத்தம் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் தெருவே முசரவாக்கத்துக்கு ஓடியது. ஏரிக்கரை, சேறு, சைக்கிள், தண்ணீர். நான் எழுதியதில் ஒரு சொல் மிச்சமில்லாமல் நடந்திருந்தது.

போலீஸிடம் கேட்டுச் செய்தி அனுப்பினேன். மேடம் எரிச்சலோடு கூப்பிட்டார். இதைத்தான் போன வாரமே போட்டாச்சே, வரிக்கு வரி அதேதானே என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணனின் மனைவி வந்தார். கையில் ஈரம் காய்ந்து மொடமொடத்த தாள்.

"தறிக்குழியில இருந்துச்சும்மா. நம்ம பேட்டை பேரும் அம்பத்திநாலும் மட்டும் படிக்கத் தெரிஞ்சுது. பேட்டை பேரு ஆதார்ல இருக்கிறா மாதிரியே இருக்குது. அவரு சேதிதானே?"

தமிழில் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று தலையாட்டினார். பிறகு அவர் விரல் மேலே, தேதிக்குப் போனது.

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். அவருதான் ரசம் வெச்சுக் குடுத்துக்கினு இருந்தாரு. யாரும்மா இத எழுதனது?"

"நான்தான்க்கா."

கத்துவார், அடிப்பார் என்று நின்றேன். அவர் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா. சைக்கிள் சாவிய ஒளிச்சு வச்சிருப்பேனே."