விஜயராணியின் நாலு டெராபைட்

ஆடி பிறந்துவிட்டால் விஜயராணிக்குக் கல்யாண வேலை கிடையாது. காமிராவைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, வருஷமெல்லாம் தள்ளிப்போட்ட காரியங்களைக் கையில் எடுப்பாள். இந்த வருஷம் அவள் எடுத்தது ஹார்ட் டிஸ்க்குகளை.

மொத்தம் பதினொன்று. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாடி வீட்டின் முன்னறைதான் அவளுடைய ஸ்டுடியோ. அங்கே பீரோவின் கீழ்த்தட்டில் ஒவ்வொரு டிஸ்க்கையும் பழைய துண்டில் சுற்றி, வருஷத்தை எழுதி ஒட்டி வைத்திருந்தாள். இருபத்தாறு வருஷத்துக் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் அவற்றுக்குள் இருந்தன. ஒன்றைக்கூட அவள் அழித்ததில்லை. பார்ட்டி கையில் கொடுத்து ஆறு மாசம் ஆனால் அழித்துவிட வேண்டியதுதானே என்று தொழிலில் இருக்கிறவர்கள் கேட்பார்கள். அவளுக்கு மனசு வராது.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே எதிர்பாராமல்தான். சொந்த ஊர் உப்பிலியபுரம். பத்தொன்பது வயதில், அமிர்தசாமி என்பவர் வைத்திருந்த ஸ்டுடியோவில் ஆல்பம் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு மஞ்சள் நீராட்டு வீட்டில், பெண்ணுக்குப் புடவை கட்டுகிற அறைக்குள் ஆம்பளை காமிராவோடு வரக்கூடாது என்று பெண்ணின் அம்மா கதவைச் சாத்திவிட்டார். அமிர்தசாமி ஆள் அனுப்பி விஜயராணியை வரவழைத்தார். கனமான அந்த வீடியோ காமிராவை அவள் தோளில் ஏற்றி, சிவப்புப் பொத்தானைக் காட்டி, இதை அமுக்கிவிட்டு ஆடாமல் நில் என்று சொல்லி உள்ளே அனுப்பினார். அவள் ஆடாமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அறையிலிருந்த பெண்கள் அவளை மறந்துவிட்டுச் சிரித்தார்கள், சண்டை போட்டார்கள், ஒருத்தி அழுதாள். அதன் பிறகு பெண் வீட்டார் அவளைத்தான் கேட்டு அழைத்தார்கள்.

அவள் கணவர் வீரமலை துறையூர் பஸ்ஸில் கண்டக்டர். ஸ்டாண்டும் லைட்டுமாக ஏறுகிற இந்தப் பெண்ணுக்குத் தன் பக்கத்தில் இடம் பிடித்து வைத்தவர், இரண்டு வருஷத்தில் பெண் கேட்டு வந்தார். இப்போதும் டியூட்டி இல்லாத நாளில் அவளுக்கு லைட் பிடிப்பவர் அவர்தான்.

ஆனி மாசக் கடைசியில், 2007 என்று ஒட்டியிருந்த டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. விஜயராணி பயந்துபோனாள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று, மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் ஹாலித்திடம் போய் நாலு டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்கிவந்தாள். வீட்டில் ஹார்ட் டிஸ்க்கை நிறுத்திச் செருகுகிற ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. டாக் என்பார்கள். அதில் புது டிஸ்க்கைச் செருகிக் கம்ப்யூட்டரில் பார்த்தாள். நாலு இருக்க வேண்டிய இடத்தில் 1.63 என்று காட்டியது.

மறுநாளே ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிக் கடைக்குப் போனாள். ஹாலித் டிஸ்க்கை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, புதிதாக ஃபார்மட் செய்து திரையை அவள் பக்கம் திருப்பினார். 3.63 இருந்தது. மீதி எங்கே என்று அவள் விடவில்லை. ஹாலித்துக்கு இது தினமும் கேட்கிற கேள்வி.

“கம்பெனிக்காரங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுறாங்க அக்கா. கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நாலா எண்ணுது. சரக்கு ஒண்ணுதான், அளக்கிற படிதான் வேற. மூணு புள்ளி அறுபத்து மூணுன்னா இது முழு டிஸ்க்குதான்.”

அவள் திருப்தியோடு திரும்பினாள். வீட்டில் டாக்கில் செருகியதும், ஃபார்மட் செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. செய்தாள். மறுபடியும் 1.63.

திரும்ப ஒருமுறை கடைக்குப் போக அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கண்ணெதிரே சரியாகக் காட்டி அனுப்பிய மனிதரிடம் என்ன சொல்வது? நம் கம்ப்யூட்டருக்கு இவ்வளவுதான் விதித்திருக்கிறது போலிருக்கிறது, இருப்பதை வைத்து ஒப்பேற்றலாம் என்று தீர்மானித்தாள். ஆனால் பதினொன்றிலும் இருந்தது மூன்று டெராபைட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. கிட்டத்தட்டப் பாதியை அழித்தாக வேண்டும்.

வீரமலைக்கு லீவு இருந்த மத்தியானம், அழிப்பதைக் குறித்துக்கொள்ள அவளுடைய கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். வெளிச்சம் சரியில்லாத ஒரு காதுகுத்தை முதலில் அழிக்கலாம் என்று திறந்தால், கத்துகிற குழந்தைக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தார் வீரமலையின் பஸ்ஸை முன்பு ஓட்டிய டிரைவர். அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போனார்கள். ஒரு வளைகாப்பில் கர்ப்பிணிப் பெண் யாரும் பார்க்காதபோது புளிச்சாதத்தை அள்ளி வாயில் போட்டாள். அதையும் தாண்டினார்கள். மாலை வரை ஒன்றும் அழிந்தபாடில்லை.

அழித்தே தீர வேண்டியது என்று ஒன்று இருந்தது. முசிறியில் 2013-இல் நடந்த இளவேனில் கல்யாணம். ஆறு வருஷத்துக்கு முன் இளவேனில் போன் செய்து, அந்த வாழ்க்கை முடிந்துவிட்டது, வீடியோவை அழித்துவிடுங்கள் என்று கேட்டிருந்தாள். அழித்துவிட்டேன் என்று விஜயராணி சொன்னாள். அழிக்கவில்லை. அந்தப் பொய் அவளுக்கு அவ்வப்போது உறுத்தும்.

திறந்தாள். மணப்பெண் அறை. இளவேனிலின் அம்மா வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு மகளின் ஜடையில் பூ தைத்துக்கொண்டிருந்தார். மகள் ஏதோ சொல்ல, அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசிகளைக் கையில் எடுத்துவிட்டு, பின்னால் சாய்ந்து சிரித்தார்.

“அவங்கதான் வேணாம்னுட்டாங்களே ராணி,” என்றார் வீரமலை.

அவள் போனை எடுத்தாள். இளவேனிலிடம் உள்ளதைச் சொன்னாள். அன்றைக்குச் சொன்னது பொய் என்றும், வீடியோ இன்னும் இருக்கிறதென்றும், இப்போது அழிக்கப் போவதால் ஒரு வார்த்தை கேட்கிறேன் என்றும் சொன்னாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். இளவேனில் கேட்டது வேறொன்று.

“அக்கா, அதுல அம்மா இருக்காங்களா?”

“இருக்காங்கம்மா. உனக்குப் பூ தைக்கிறாங்க.”

“அம்மா போயி ரெண்டு வருஷம் ஆச்சு. அழிச்சிடாதீங்க. நான் வரேன்.”

போனை வைத்த பிறகு அவளுக்கு நோட்டைத் தொடவே பிடிக்கவில்லை. வீரமலை அதை எடுத்துப் பார்த்தார். முதல் பக்கத்தில், கடையில் 3.63, வீட்டில் 1.63 என்று அவள் குறித்திருந்தாள்.

“ரெண்டு எடத்துலயும் அறுபத்து மூணு வருது பாத்தியா? சரியா ரெண்டுதான் குறையுது. டிஸ்க்கு கெட்டிருந்தா இப்படி அளந்து வச்ச மாதிரியா குறையும்? அவரு எதுல மாட்டிப் பாத்தாரு?”

“கம்ப்யூட்டருக்குள்ள நேரா மாட்டினாருங்க.”

“நாம எதுல மாட்டுறோம்?”

விஜயராணி டாக்கைப் பார்த்தாள். 2009-இல் வாங்கியது. ஹாலித்துக்குப் போன் போட்டாள். அவர் வருஷத்தைக் கேட்டதுமே புரிந்துகொண்டார். அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றுக்கு இரண்டு டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது, இரண்டைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து எண்ணும், அதனால்தான் மிச்சத்தை மட்டும் காட்டுகிறது என்றார். தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று வருத்தப்பட்டார். அவர் போனில் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டரை அணைத்துப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினார்கள். இப்போதெல்லாம் யாரும் டிவிடி கேட்பதில்லை. டிவிடி டிரைவிலிருந்த இரண்டு கேபிளையும் உருவி, விஜயராணி புது டிஸ்க்கில் செருகினாள். வீரமலை டார்ச் பிடித்தார். டிஸ்க்கில் இன்னும் எதுவும் ஏற்றவில்லை என்பதால் டாக்கில் ஃபார்மட் செய்தபோது உண்டான பழைய பிரிவை நீக்குவதில் கவலை இல்லை. டிஸ்க்கின் இடத்தைப் பிரித்துக் கணக்கு வைக்கும் முறை எம்பிஆரா ஜிபிடியா என்று கம்ப்யூட்டர் கேட்கும், எம்பிஆர் இரண்டோடு நின்றுவிடும், ஜிபிடியைக் கொடுங்கள் என்று ஹாலித் சொல்லியிருந்தார். கொடுத்தாள்.

3.63 வந்தது. வீரமலை போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். அதில் அவருக்கிருந்த பெருமையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இளவேனில் வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாளாம். அறைக் காட்சி இருபத்திரண்டு நிமிஷம். அதை இரண்டு தடவை பார்த்தாள். முதல் தடவை அழுதாள். இரண்டாம் தடவை, அம்மா எதற்குச் சிரித்தார் என்பது ஞாபகம் வந்து, மாமாவின் வேட்டியைப் பற்றித் தான் அடித்த கிண்டலை விஜயராணிக்குச் சொன்னாள். அந்தத் துண்டை மட்டும் பென்டிரைவில் வாங்கிக்கொண்டாள்.

“மீதிய அழிச்சிடுங்க அக்கா. இந்தத் தடவை நெஜமா.”

இப்போது டிஸ்க்கில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் விஜயராணி அவள் கண்ணெதிரே மண்டபக் காட்சிகள் முழுவதையும் அழித்தாள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தாள். வலிக்கும் என்று நினைத்திருந்தாள். உண்மையில் பாரம் இறங்கினாற்போலத்தான் இருந்தது.

இளவேனில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். வீரமலை அவளைப் பஸ் ஏற்றிவிடப் போயிருந்தார். விஜயராணி அடுத்த டிஸ்க்கை எடுத்து டாக்கில் செருகினாள். சின்ன டிஸ்க்குகளைப் படிக்க அது இன்னும் நன்றாகவே உழைத்தது. காப்பி முடிய நாலு மணி நேரம் என்று காட்டியதும், எழுந்து இட்லிக்கு அரிசி ஊறவைக்கப் போனாள்.