தம்பி ஓடிய இரண்டு நிமிடம்

எங்கள் படத்துக்குத் தொடக்கம் மட்டும்தான் உண்டு. திருப்பதியில் நான் படித்த கல்லூரியில் கடைசி ஆண்டுக்குக் கொடுத்த வேலையே அதுதான். ஒரு முழுநீளக் குற்றப்படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுக்க வேண்டும். கதை இன்றைய இளைஞர்களைப் பற்றி இருக்க வேண்டும். எடுத்து முடித்தபின் அதைப் பற்றி நாமே ஒரு கட்டுரையும் எழுதித் தர வேண்டும். மீதிப் படம் எப்படிப் போகும் என்பது உங்கள் மனதில் இருந்தால் போதும் என்றார் எங்கள் ஆசிரியை.

என் மனதில் இருந்தது. ஒரு பையன் தோளில் பையோடு சந்துக்குள் ஓடுகிறான். பின்னாலிருந்து ஒரு பெண்குரல் "திருடன், திருடன்" என்று கத்துகிறது. பார்ப்பவர்கள் அவனைத் திருடன் என்று நினைத்துவிடுவார்கள். பாதிப் படம் போனபின்தான் அந்தப் பை அவனுடையதே என்றும், கத்தியவள் ஆள் தெரியாமல் கத்திவிட்டாள் என்றும் தெரியவரும். அப்போது பார்த்தவர்களுக்கு வெட்கமாக இருக்க வேண்டும். அந்த வயதில் இதை என்னுடைய பெரிய கண்டுபிடிப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓடுவதற்கு என் தம்பி இருந்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன். பள்ளியில் படித்தபோது விளையாட்டு விழா வந்தால் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஓடப் போவான். ஐடிஐயில் ஃபிட்டர் படித்து முடித்து, ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குத் தேர்வாகி, சேரச் சொல்லும் நாளுக்காகச் சித்தூரில் எங்கள் வீட்டில் காத்திருந்தான். அம்மாவுக்கு அவன் வேலைக்குப் போகப்போவதே ஒரு திருவிழா போல இருந்தது. மாம்பழ ஜூஸ் ஃபேக்டரியில் சீசனுக்குச் சீசன் ஓடியாடிக்கொண்டிருந்த எங்கள் அப்பா, நைனா, தன்னோடு வேலை செய்கிற ஒருவரையும் விடாமல் சொல்லி வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவை ஒட்டிய சந்தில் படம் எடுத்தோம். கேமரா என் வகுப்புத் தோழியுடையது. புத்தூர்க்காரி. முந்தைய நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். சந்தின் அந்தப் பக்கம் நின்றிருந்த ஆட்டோவுக்குப் பின்னால் கேமராவோடு உட்கார்ந்துகொண்டாள். இந்தப் பக்கம் நானும் அம்மாவும். கத்துவதற்கு அம்மாவைத்தான் கேட்டிருந்தேன். தெருவுக்கே கேட்கிற குரல் அவளுக்கு. ஊரில் நாலு பேர் ஒன்றாகக் கத்தினால் தெலுங்கில்தான் கத்துவார்கள் என்பதால் "தொங்க, தொங்க, பட்டுகோண்டி" என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். திருடன், பிடியுங்கள் என்று. தம்பி ஓட ஆரம்பித்ததும் அம்மா வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மறுபடியும் எடுத்தோம். மறுபடியும் வரவில்லை.

"என் புள்ளைய நானே எப்பிடிடி அப்பிடிக் கூப்டறது? வாயில வரமாட்டேங்குது. நீயே கத்திக்கோ."

நானே கத்தினேன். முதல் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது. போகப்போகக் குரல் நன்றாக ஏறியது. தம்பி சிவப்புக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான். சந்தின் கடைசி வரை ஓடுவான், மூச்சு வாங்க நடந்து திரும்பி வருவான்.

"இன்னாக்கா இது, எத்தினி வாட்டி ஓடறது? ஓடிக்கினே இருந்தா இட்லி எப்ப துன்றது?"

"கடைசி வாட்டிடா. இந்த வாட்டி திரும்பிப் பாத்துக்கினே ஓடு. பயந்தாப்பல பாரு."

பயந்ததுபோல் பார்த்தான். படத்தில் அந்த ஒரு பார்வைதான் நன்றாக வந்திருந்தது. தோழி கேமராவிலேயே அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

தெருவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் முன்பே சொல்லியிருந்தோம். ஆனால் எதிர் வரிசையில் ஏதோ ஒரு மாடியிலிருந்து யாரோ ஒருவர் போனில் பிடித்திருக்கிறார். அது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. குடிவந்து சில நாளே ஆனவராக இருக்கலாம், எந்த வீட்டுக்காவது வந்த விருந்தாளியாக இருக்கலாம். மேலிருந்து பார்த்தவருக்கு ஆட்டோவின் பின்னால் இருந்த கேமரா தெரிந்திருக்காது. ஒரு பையன் ஓடுகிறான், பின்னால் ஒரு பெண் கத்துகிறாள். அவ்வளவுதான் தெரிந்திருக்கும்.

அந்த வாரத்திலேயே பக்கத்து வீட்டு அக்கா தன் போனை எடுத்துக்கொண்டு வந்தார். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ. நம் ஊரில் திரியும் செயின் திருடன், எல்லோரும் ஜாக்கிரதை என்று மேலே தெலுங்கில் எழுதியிருந்தது.

"இது உங்க பையன்தான? ஷூட்டிங் எடுத்தீங்களே, அதான?"

தம்பி போனை வாங்கிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, உன் படம் வர்றதுக்கு முன்னாடியே நான் ஹீரோ ஆயிட்டேன் பாரு." நானும் சிரித்தேன். நைனா மட்டும் சிரிக்கவில்லை. "போட்டவன் யாருன்னு கேட்டு எடுக்கச் சொல்லுமா" என்றார். பக்கத்து வீட்டு அக்கா தன் குரூப்பில் அது வெறும் ஷூட்டிங் என்று எழுதிப் போட்டார். அங்கே எல்லோரும் சிரிக்கிற பொம்மை அனுப்பினார்கள். ஆனால் அதற்குள் வீடியோ அந்த குரூப்பைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டிருந்தது. அங்கெல்லாம் நாங்கள் எழுதியது போகவில்லை.

கம்பெனியில் கொடுக்க பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வேண்டும் என்று ஒரு மத்தியானம் தம்பி மார்க்கெட் பக்கம் போனான். அதே சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. அவனிடம் இருந்ததில் அதுதான் புதுசு. ஸ்டூடியோவிலிருந்து வெளியே வந்தபோது பழக்கடை ஓரம் நின்ற ஒருவன் தன் போனைப் பார்த்தான், இவனைப் பார்த்தான், பக்கத்திலிருந்தவனிடம் காட்டினான். "வீடே ரா" என்று சொன்னது தம்பியின் காதில் விழுந்திருக்கிறது. இவன்தான்டா என்று.

தம்பி ஓடினான்.

ரொம்ப நாள் கழித்து ஒருமுறை என்னிடம் அதைச் சொன்னான். "ஓடாம நின்னிருந்தா பேசியிருக்கலாமோ இன்னமோக்கா. காலு தானா ஓடிச்சி." அவன் ஓடியதைப் பார்த்ததும் தயங்கி நின்றவர்களுக்கும் இவன்தான் என்று உறுதியாகிவிட்டது. எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். அவன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் முன்னால் வருகிறவர்களைத் தாண்டி ஓட முடியுமா? அவர்கள் அடித்ததை நான் பார்க்கவில்லை. அதையும் யாரோ போனில் எடுத்திருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.

போலீஸ்காரர்கள் வந்துதான் அவனைக் கூட்டத்திலிருந்து பிரித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கிருந்து நைனாவுக்கு போன் வந்தது. நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நைனாவின் பின்னால் வண்டியில் உட்கார்ந்தேன்.

தம்பி பெஞ்சில் உட்கார்ந்து வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. சட்டையில் பொத்தான்கள் இல்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தான். நான் எஸ்.ஐ.யின் மேஜையில் லேப்டாப்பைத் திறந்து படத்தைப் போட்டேன். இருந்த அவசரத்தில் சத்தத்தைக் குறைக்கத் தோன்றவில்லை. "தொங்க, தொங்க" என்று என் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. பக்கத்து அறையிலிருந்த கான்ஸ்டபிள்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சவுண்ட கொறச்சிடுக்கா" என்றான் தம்பி.

எஸ்.ஐ. முழுதும் பார்த்தார். இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "பாகா சேசாடம்மா மீ தம்முடு" என்றார். உன் தம்பி நன்றாக நடித்திருக்கிறான் அம்மா என்று. எங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று வண்டியும் ஏற்பாடு செய்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும்தான் நைனா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் காயங்களுக்கு வைத்தியம் முடிந்ததும் நைனா அவனை எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்கு அழைத்துப் போய்க் கட்டுப் போட்டுவந்தார். என் தோழி அங்கே கட்டுப் போடுகிற இடத்துக்கு வந்து வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு மாட்டேன் என்று தலையாட்டினாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கம்பெனியில் சேரச் சொன்ன நாளில் தம்பி கையில் கட்டோடு படுத்திருந்தான். போன் செய்து கேட்டோம். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாயிற்று, அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்கள். அடுத்த தடவை வந்தபோது அவன் போகவில்லை.

அவன் வெளியே போவதே நின்றுபோனது. கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாகத் திருமலைக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தான். அம்மா நெகிழ்ந்துவிட்டாள். பிழைத்ததற்கு மனசுக்குள்ளேயே வேண்டிக்கொண்டிருக்கிறான், எங்களிடம்கூடச் சொல்லவில்லை பார் என்று எதிர்வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் நான் அவன் தலையில் சந்தனம் தடவிக்கொண்டிருந்தேன்.

"இன்னா வேண்டிக்கினடா?"

"ஒண்ணும் வேண்டிக்கல. மூஞ்சி மாறட்டும்னுதான்."

நான் தடவிக்கொண்டே இருந்தேன்.

படத்தைக் கல்லூரியில் கொடுக்க வேண்டாம் என்று இருந்தேன். வேறு ஏதாவது எடுத்துக் கொடுக்கிறேன் என்று ஆசிரியையிடம் கேட்கவும் நினைத்தேன். தம்பிதான் விடவில்லை. "குடுத்துடுக்கா. அத்தினி வாட்டி ஓடினது சும்மாவா?" என்றான். கொடுத்தேன். வகுப்பில் விளக்கை அணைத்து எல்லோருடைய படங்களையும் போட்டார்கள். எங்களுடையது முடிந்ததும் கைதட்டினார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் திரும்பி, "எங்க புடிச்சீங்க இவன? நெசத் திருடன் மாதிரியே இருக்கான்" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். என் தோழி எழுந்து வெளியே போய்விட்டாள்.

கட்டுரைக்குக் கேள்விகள் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று, உங்கள் படம் இளைஞர்களை எப்படிக் காட்டுகிறது என்பது. படம் எடுப்பதற்கு முன்பே அதற்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன். பார்ப்பவர்கள் முதலில் அவனைச் சந்தேகப்படுவார்கள், பிறகு தங்கள் சந்தேகத்துக்காக வெட்கப்படுவார்கள் என்று. இப்போது அந்த இரண்டாவது பாதியை எழுத முடியவில்லை. எங்கள் ஊர் அந்த இரண்டு நிமிடத்தைத்தான் பார்த்தது. மீதிப் படத்தை நாங்கள் எடுக்கவே இல்லையே, அவர்கள் எப்படி வெட்கப்படுவார்கள்? அடித்தவர்களில் ஒருவர்கூட எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவர்களும் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள்தான் என்று போலீஸ்காரர் ஒருவர் சொன்னார். இளைஞர்கள் என்று எழுதும்போது அவர்களையும் சேர்த்து எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கேள்விக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாதங்கள் கழித்து வேலூரில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில் அத்தை முறையாகும் ஒருவர் அம்மாவிடம் போனை நீட்டினார். அதே வீடியோதான், ஊர்ப் பெயர் மட்டும் மாறியிருந்தது. "உன் பையன் சாயலா இருக்கேன்னு பாத்தேன்" என்றார். அம்மா பந்தியில் உட்காராமல் பஸ் ஏறி வந்துவிட்டாள். அன்றைக்குத்தான் தம்பி ஊரைவிட்டுப் போவதென்று முடிவு செய்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது அவன் சூளூர்பேட்டையில் மோட்டார் ரிப்பேர் செய்யும் கடையில் வேலை செய்கிறான். அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். நான் திருப்பதியில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறேன். அம்மா வாரம் தவறாமல் அவனுக்கு போன் செய்து எப்போது வருகிறாய் என்று கேட்கிறாள். வரேன் வரேன் என்கிறான். பொங்கலுக்கு வரவில்லை, எங்கள் ஊர்த் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரைக்கும் வரவில்லை. நைனா கேட்பதே இல்லை. இரண்டு முறை தனியாக ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அங்கே என்ன பேசினார்கள் என்று வீட்டில் சொல்லவில்லை.

போன மாதம் நான் போயிருந்தேன். ஏரி மீன் வாங்கிவந்து அவனே குழம்பு வைத்திருந்தான். தரையில் செய்தித்தாளை விரித்து எனக்கு முதலில் போட்டான். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உப்பு ஜாஸ்தியாய்ட்சா?"

"இல்லடா. நல்லாத்தான் இருக்கு."

கடல் நீரை அள்ளி ஊற்றியதுபோல் கரித்தது. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டினேன்.