சவரிமுத்து கேட்ட இங்கிலீஷ் பாட்டு

வெள்ளிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் நீலாயிலிருந்து சவரிமுத்துவின் மகன் அந்தோணி போன் செய்தான். "மாமா, அப்பா போயிட்டாரு" என்றான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். மலேசியாவில் கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களோடு இருந்தவர்களுக்குச் சவரிமுத்துவைத் தெரியும். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

அவர் ரப்பர் பால் ஸ்டோரில் ஷீட் அழுத்தும் மெஷினில் நின்றவர். நான் மரம் சீவினேன்; திருவிழாவுக்கும் சாவுக்கும் தப்பு அடிப்பேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களா குப்பையில் ஆறு இசைத்தட்டுகள் கிடந்தன. சவரிமுத்து அவற்றைத் துடைத்து எடுத்து வந்தார். சிரம்பானில் ஒரு பழைய பிளேயரும் வாங்கினார். அந்தத் தட்டுகளில் இருந்தது அறுபதுகளில் இங்கிலாந்தில் பேர் போன ஒரு கித்தார் குழு. நாலு பேர், நெற்றியை மறைக்கிற முடி. குழுவின் பேர் இன்றைக்கும் என் வாயில் நுழையாது. எங்கள் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் அவர்கள் 'முடிக்காரனுங்க'தான்.

"என்னடா இது, தகரத்த இழுக்கிற மாதிரி?" என்றேன், முதல் நாள்.

"பாடறவன விடுலா. பின்னால தடிச்ச கம்பி வாசிக்கிறான் பாரு, அவன் மட்டும் தனியா நடந்து போறான். அவனக் கேளு."

கேட்டேன். பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடியது.

"டிரம் அடிக்கிறவன் நடுவுல சும்மா இருக்கானே, மறந்துட்டானா?"

"மறக்கலடா. அடுத்தவனுக்கு வழி விடறான். உங்க கோயில் கமிட்டி மாதிரியா?"

அவருக்கும் இங்கிலீஷ் புரியாது. ஆனாலும் பாடுகிறவன் குரல் உடைகிற இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். சனிக்கிழமை தோறும் கேட்டுக் கேட்டு ஆறு தட்டின் தாளமும் என் கைக்கு ஏறிவிட்டது.

முப்பது வருடம் அந்த மெஷின் இரைச்சலில் நின்றார். காது மந்தமானபோது தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் காதில் அழுக்கு என்று சொல்லி மருந்து ஊற்றி அனுப்பினார். ஒரு சனிக்கிழமை தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே, "ஏன்டா இன்னும் பாட்டு போடல?" என்று கேட்டார்.

அவர் பின்னால் உட்கார்ந்து முதுகில் விரலால் அந்தப் பாட்டின் தாளத்தை அடித்தேன். நிமிர்ந்தார். "ரெண்டாவது தட்டு" என்றார். அன்றிலிருந்து அவர் பாட்டுக் கேட்டது என் கையால்தான்.

"நீ செத்துட்டா எனக்குப் பாட்டு இல்லடா" என்பார்.

"அப்ப நீ முன்னாடி போ" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம்.

தோட்டம் வீடு கட்ட விற்கப்பட்டது. அவர் நீலாய்க்கு மகனோடு போனார். நான் ரந்தாவில் லிஃப்ட் இல்லாத ஒரு அடுக்குமாடியில் நாலாவது மாடிக்கு வந்தேன். மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் ஆறு தட்டையும் அவர் முதுகில் அடித்துவிட்டு வருவேன். பக்கவாதம் வந்து அவர் பேச்சு நின்றது. பிறகு சர்க்கரை நோய் என் பாதத்தை எடுத்துக்கொண்டது. அந்தப் படிகளில் என்னால் இறங்க முடியவில்லை. ஐந்து மாதம் போகவில்லை. காது கேட்காதவரிடம் போனில் என்ன பேசுவது? அந்தோணிக்காவது அந்தத் தாளங்களைக் கற்றுக் கொடுத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

சாவுக்கு என்னைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். அந்தோணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கடைசி வரைக்கும் கட்டில் பலகைய தட்டிக்கிட்டே இருந்தாரு மாமா. தாகம்னு நெனச்சி தண்ணி கொடுப்போம். குடிச்சிட்டு திரும்பவும் தட்டுவாரு. டாக்டர்கூட, அவ்வளவு தண்ணி வேண்டாம்னாரு."

"எப்படித் தட்டுனாரு?"

நாற்காலியின் கையில் தட்டிக் காட்டினான். இரண்டாவது தட்டு, முதல் பாட்டு. தப்பே இல்லை.

அங்கே அதை நான் சொல்லவில்லை. "தாகமாத்தான்யா இருந்திருக்கும்" என்றேன். இங்கே சொல்கிறேன். அந்தோணி, நீ ஒன்றும் தவறு செய்யவில்லை. கொடுத்ததை உன் அப்பா முகம் சுளிக்காமல் குடித்தார். அவர் கூப்பிட்டது என்னை.

பாதிரியார் ஜெபித்தார். பெண்கள் ஞானப்பாட்டு பாடினார்கள். பெட்டிக்குள் அவரை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். முதுகு எனக்கு எட்டவில்லை. பிறகு மூடியை வைத்தார்கள்.

சவரிமுத்து, வர முடியாமல் போனேன். என்னை மன்னித்துவிட்டுப் போய் வா.