விரலுக்குத் தட்டாத தையல்

சுட்டு வந்த மிருகத்தின் தோலை உள்பக்கம் திருப்பிப் போட்டு விரலால் தடவினால் போதும், சுட்டவர் எப்படிச் சுட்டார் என்று சொல்லிவிடுவேன். கடிதம் படிக்கத்தான் எனக்கு நேரம் ஆகும். மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரப்படுகிறவர்களுக்கு இது சரிப்படாது.

இந்த அரபு தேசத்துக்கு வந்து, சத்வாவில் லேடீஸ் டெய்லர் கடையில் வெகுகாலம் இருந்தேன். என் கைக்குப் பேர் இருந்தது. இஸ்திரிப் பெட்டி பட்டுக் கருகிய சேலையை இழை எடுத்து அடைத்துக் கொடுத்தால், கட்டியவளுக்கே எங்கே கருகியது என்று தெரியாது. அப்படித் தன் மனைவியின் சேலையைக் கொண்டுவந்தவர்தான் எங்கள் போர்மேன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அல் கூஸில், வேட்டையாடிய மிருகங்களைப் பாடம் செய்து நிறுத்தும் ஒர்க் ஷாப் அவர் பொறுப்பில் இருந்தது.

"யக்கா, நீங்க துணியில செய்யிறத எனக்குத் தோல்ல செஞ்சு தரணும்" என்றார். போனேன்.

முவைலாவில் மகள் வீட்டிலிருந்து காலையில் கம்பெனி வண்டியில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். மகள் நர்ஸ். "நான் உசுரோட இருக்கவங்களத் தைக்கேன், நீ செத்ததத் தைக்க" என்று கேலி செய்வாள்.

அங்கே பழகிக்கொள்ள வேண்டியது கண்களுக்குத்தான். முப்பது மிருகம் நிற்கும், ஒன்றும் இமைக்காது. எல்லாம் கண்ணாடிக் கண்தான், நானே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்ததுதான். இருந்தாலும் முதல் மாதம் முழுக்க என் ஸ்டூலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முதுகுக்குப் பின்னால் எதுவும் இல்லாதபடி உட்கார்ந்து தைத்தேன்.

வேட்டைக்காரர்கள் வேறு தேசங்களில் அனுமதி வாங்கிச் சுட்டு, தோலை உப்புப் போட்டு அனுப்புவார்கள். பதப்படுத்தி வந்ததும் ஓட்டைகளை அடைப்பது என் வேலை. குண்டு நுழைந்த இடம் சின்னதாக இருக்கும், வெளியே வந்த இடம் பெரிதாக இருக்கும். வட்ட ஓட்டையை அப்படியே இழுத்துத் தைத்தால் சுருங்கிவிடும். வேப்பிலை மாதிரி இரண்டு முனையும் கூராக வெட்டிக்கொண்டு, உள்பக்கமிருந்து முப்பட்டை ஊசியால், ஒரு மயிர்கூட நூலில் மாட்டாமல் தைக்க வேண்டும். சரியாகச் சுட்டவரின் தோலில் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் ஓட்டை இருக்கும். நெஞ்சு இருக்கிற இடம் அது. நாலைந்து எட்டு வைப்பதற்குள் முடிந்திருக்கும் என்று போர்மேன் சொல்வார். வயிற்றில் ஓட்டை இருந்தால் வெகுநேரம் கிடந்துதான் செத்திருக்கும்.

அந்த மலை ஆடு பனி மலை தேசத்திலிருந்து வந்தது. கொம்பு என் கையைவிட நீளம், முடிச்சு முடிச்சாகப் பின்னால் வளைந்திருந்தது. தோலை மேசையில் விரித்துத் தடவினேன். தோளில் ஒரு குண்டு, உள்ளே போனதும் வெளியே வந்ததும் சுத்தமாக இருந்தன. பிறகு என் விரல் வயிற்றுப் பக்கம் போய் நின்றுவிட்டது. அங்கேயும் ஒன்று. அதன் ஓரம் தடித்துப்போயிருந்தது. செத்த தோல் தடிக்காது, உயிர் உள்ள தோல்தான் தடிக்கும். வெளிப்பக்கம் திருப்பினேன். ஓட்டையைச் சுற்றி மயிர் ஒரே பக்கமாகப் படிந்து கிடந்தது. பசு கன்றை நக்கினால் படியுமே, அப்படி.

"என்னக்கா, மோந்து பாக்கிய?" என்றார் போர்மேன்.

"ரெண்டு நாள் உசுரோட கெடந்திருக்குல இது. கெடந்து தன் புண்ண நக்கியிருக்கு."

"தோலு உங்ககிட்ட வந்து சொல்லிச்சாக்கும்?"

"உனக்குச் சொல்லாது. காது கொடுக்கணும்."

சுட்டவர் மறுநாள் வந்தார். இந்த ஊர் அரபிக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையான மனிதர். எனக்குச் சத்வாவில் பழகிய ஹிந்தி, அவருக்கும் நல்ல ஹிந்தி. என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"அம்மா, ஒரு விஷயம். தோளில் இருக்கிற தையல் விரலுக்கு லேசாகத் தட்டட்டும். வயிற்றில் இருப்பது தட்டவே கூடாது."

ஏன் என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. அவருடைய அப்பா அந்தக் காலத்து வேட்டைக்காரர். மிருகம் மூச்சு விடுவது கண்ணுக்குத் தெரிகிற தூரம்வரை போகாமல் துப்பாக்கியைத் தோளுக்கு எடுத்ததே இல்லையாம். மகன் முக்கால் கிலோமீட்டரிலிருந்து சுடுகிறவர். அப்பாவுக்கு அது வேட்டையே இல்லை. மகன் சுட்டுக் கொண்டுவந்த எதையும் விருந்தினர் உட்காரும் கூடத்தில் வைக்க விட்டதில்லை. இப்போது அப்பாவுக்குக் கண் போய்விட்டது, உடம்பும் முடியவில்லை.

"எதையும் விரலால் தொட்டுத்தான் பார்ப்பார். ஒரே குண்டு, தோளில் பட்டது என்று அவர் விரலுக்குத் தெரிய வேண்டும். ஒரே ஒரு தடவை, நல்லாச் சுட்டாய் என்று அவர் வாயால் கேட்க வேண்டும். அதற்கு மேல் அவருக்கு நாள் இல்லை."

"அப்போ வயித்துல எப்படிப் பட்டுச்சு?"

அவர் பாலைவனத்தில் இரும்புத் தகடு நிறுத்தி மாதக்கணக்காகப் பழகியவராம். தூரம் அளக்கும் கருவி உண்டு, காற்றுப் பார்ப்பார், குண்டு எவ்வளவு தாழும் என்று கணக்குப் போடுவார். பத்துக்குப் பத்தும் படும்.

"அன்றைக்கும் கணக்கு சரிதான், அம்மா. ஆனால் அவ்வளவு தூரம் போய்ச் சேரக் குண்டுக்கு ஒரு விநாடிக்கு மேல் ஆகும். நான் விசையை அழுத்தின பிறகு அது ஒரு எட்டு வைத்துவிட்டது."

பள்ளத்தாக்கைச் சுற்றி அது நின்ற இடத்துக்குப் போகவே வெகுநேரம் ஆனதாம். எந்தப் பாறை என்றே அடையாளம் தெரியவில்லை. மூன்றாம் நாள் கழுகுகள் வட்டமிட்டதைப் பார்த்துப் போய், தோளில் சுட்டு முடித்திருக்கிறார்கள்.

"சரியாகப் பட்டால் அது பாவம் ஒன்றும் அறியாது. சத்தம் குண்டுக்குப் பின்னால்தான் வரும். சத்தம் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்" என்றார்.

செய்து தருகிறேன் என்றேன். அப்பாவின் ஒரு வார்த்தைக்காக ஏங்கும் மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. கண் தெரியாதவரின் விரலை ஏமாற்றுகிற தையலை என்னைத் தவிர யார் போட முடியும்?

மூன்று நாள் தைத்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு தையல் போட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எனக்கே அகப்படவில்லை. மயிரை மட்டும் அடக்க முடியவில்லை. ஷாம்பூ போட்டுக் கழுவிச் சீவி மற்ற மயிரோடு சேர்த்துப் படிய வைப்பேன். காலையில் வந்து பார்த்தால் பழையபடி ஒரே பக்கமாகக் கிடக்கும். ஐந்தாம் நாள்தான் அடங்கியது.

தோலை உடல் அச்சின்மேல் போர்த்தி, கண் வைத்து, காதுகளை முன்னால் பார்க்கிற மாதிரி அட்டையும் கிளிப்பும் போட்டுக் காயவிட்டோம். தலை நிமிர்ந்து தூரத்தைப் பார்த்தபடி நின்றது. மறுநாள் இடது காதின் கிளிப் தரையில் கிடந்தது. காது பின்னால் திரும்பியிருந்தது, முதுகுக்குப் பின்னால் ஏதோ கேட்கிற மாதிரி. போர்மேன் திருத்திவிட்டார். அதற்கு மறுநாளும் அப்படியே.

"ஏசி காத்துக்கா. காயுறப்போ தோல் இழுக்கும்."

"வலது காதுக்கு ஏசி அடிக்கலியோ?"

அவர் இரண்டு கிளிப்பாகப் போட்டார். மூன்றாம் நாள் இரண்டும் தரையில் கிடந்தன. அதன்பிறகு அவர் அந்தக் காதைத் தொடவில்லை. நானும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்காரவில்லை.

சுட்டவரின் அப்பா, அந்தப் பெரியவர், வந்த அன்று மணல் காற்று. பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியே எல்லாம் மஞ்சளாகக் கிடந்தது. எங்கள் கரண்டும் நின்று, ஏசி ஓய்ந்து, ஒர்க் ஷாப் அப்படி ஒரு அமைதியில் இருந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தகரக் கூரையில் மணல் உரசுவது மட்டும் கேட்டது. மகன் கையைப் பிடித்து அழைத்து வந்தார். மெலிந்த மனிதர், கண் இரண்டும் பால் நிறம். சுற்றி நின்ற மிருகங்களின் கண்ணெல்லாம் பளபளத்தன, அவர் ஒருவருக்குத்தான் பளபளப்பு இல்லை.

கொம்பின் முடிச்சுகளை விரலால் எண்ணினார். கழுத்தைத் தடவினார். தோளுக்கு வந்ததும் விரல் நின்றது.

"இங்கே" என்றார்.

பெரியவரின் கை விலாவில் இறங்கி, வயிற்றைக் கடந்து, தொடைவரை போனது. திரும்பி வந்தது. என் தையலின்மேலேயே இரண்டு முறை போனது. நிற்கவில்லை.

"ஒன்றுதான்" என்றார். அவர் முகம் இளகியது. மகன் பக்கம் திரும்பினார். அந்த வார்த்தை வாய்வரை வந்துவிட்டது, பார்த்தாலே தெரிந்தது. அதற்கு முன் மரியாதைக்காக என் பக்கம் முகத்தைத் திருப்பினார். வயசான தையல்காரி ஒருத்தி நிற்கிறாள் என்று மகன் சொல்லியிருப்பார்.

"யா உக்தி," என்றார், அரபியில் சகோதரி என்று; மற்றதை ஹிந்தியில் சொன்னார். "தைத்தது நீங்கள்தானே? தோளில் உங்கள் தையல் தெரிகிறதே. பரவாயில்லை, வயசானால் கை அப்படித்தான்."

ஆடு எங்களுக்கு நடுவில் நின்றது. அதன் இடது காது பின்னால் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் என்ன நினைத்தேன் என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியாது. அவருடைய கையைப் பிடித்தேன். அந்தப் புழுக்கத்திலும் சில்லென்று இருந்தது. விரலை மடக்கி, நகத்தை மயிருக்கு அடியில் செலுத்தி, என் தையலின்மேல் வைத்தேன்.

"இதுவும் என் தையல்தான்" என்றேன்.

பெரியவர் நகத்தால் அந்தத் தையலை முழுக்க ஓட்டிப் பார்த்தார்.

"எத்தனை நாள்?"

"ரெண்டு ராத்திரி."

மகன் ஏதோ சொன்னார். தகடு, காற்று, கணக்கு என்று அரபியில் சொல்லியிருப்பார், கை காட்டியதில் தெரிந்தது. பெரியவர் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்தபடியே, எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, ஹிந்தியில் சொன்னார்:

"தகடு நடக்காது. இது நடந்தது. உன் துப்பாக்கிச் சத்தத்தை இது கேட்டிருக்கிறது."

போகும்போது என் பக்கம் திரும்பி, "என் விரல் இதுவரை ஏமாந்ததில்லை, இன்றைக்கு ஏமாந்தது" என்றார். நான் ஏங்கிய வார்த்தை எனக்குக் கிடைத்தது. அவருடைய மகனுக்குக் கிடைக்கவில்லை.

"எதுக்குக்கா சொன்னிய? ஆட்டுக்காகவா?" என்று போர்மேன் கேட்டார்.

"தெரியலல" என்றேன். ஆட்டுக்காக என்று சொல்லலாம். வயசானால் கை அப்படித்தான் என்ற பேச்சைத் தாங்க முடியாமல் என்பதும் உண்மை.

ஆட்டை யாரும் எடுத்துப் போகவில்லை. துணி போர்த்தி மூலையில் நிறுத்தினோம். அந்த ஒரு காது மட்டும் துணியைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது.

குளிர்காலம் வந்த பிறகு மகன் தனியாக வந்தார். அப்பா காலமாகிவிட்டார் என்றார். கூடத்தில் ஆட்டை வைக்கப்போகிறாராம்.

"அம்மா, அந்தத் தையலைப் பிரித்துவிட்டு, தொட்டால் தெரிகிற மாதிரித் தைத்துத் தருவீர்களா? வருகிறவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள். நானும் தொடுவேன்."

ஈரத் துணி போட்டுத் தோலை ஊற வைத்துப் பிரித்தேன். கோணலாகத் தைக்க உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை. மூன்று தடவை தைத்தும் நேராகத்தான் வந்தது, பிரித்துப் பிரித்துப் போட்டேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தைத்தேன். கயிறு மாதிரித் தடித்து வந்தது. மயிரும் தானாக ஒரே பக்கம் படிந்துகொண்டது.

காதைச் சரிசெய்து தருவதாகப் போர்மேன் சொன்னார். அப்படியே இருக்கட்டும் என்றார் மகன்.

வண்டியில் ஏற்றினார்கள். அவரே பக்கத்தில் உட்கார்ந்து, தையலின்மேல் கை வைத்துக்கொண்டார். வண்டி தெரு முனை திரும்பும்வரை பார்த்தேன், காது எங்கள் பக்கம் திரும்பியபடியே போனது. உள்ளே வந்து ஊசியைப் பஞ்சில் குத்தி வைத்துவிட்டு, குண்டுக்குப் பின்னால் வருகிற அந்தச் சத்தம் எனக்கும் வந்து சேருமோ என்று கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன்.