நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி

போன வருடம் ஒரு சனிக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபம். அன்று மாலை நடக்கவிருந்த பாட்டு நிகழ்ச்சிக்காக மைக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். மண்டபத்தில் அப்போது மொத்தமே நான்கு பேர்தான். நான்கு பேர் இருக்கும் இடத்தில் ஒரு மனுஷி இவ்வளவு கூனிக் குறுகிப் போக முடியுமா என்று கேட்டால், முடியும். நானே சாட்சி.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீடு கிள்ளானில், வேலை பிரிக்ஃபீல்ட்ஸில். ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கிராணி, குமாஸ்தா வேலை. காலையில் கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரம் போக, மாலையில் ஒரு மணி நேரம் வர. இதற்கு நடுவில் நான்கு வருடமாகப் பாட்டு எழுதுகிறேன். கீபோர்டு வாசிக்கும் நண்பர் ஒருவர் மெட்டுப் போடுவார். அவர் வீட்டு அறையிலேயே ஒலிப்பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவோம். முதல் இரண்டு மூன்று பாட்டுகளை எங்கள் சொந்தக்காரர்களே முழுதாகக் கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு ஒரு பாட்டு பிடித்துக்கொண்டது. வானொலியில்கூடப் போட்டார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது.

"எங்கேருந்துங்க இப்படியெல்லாம் வரி வருது?" என்று யாராவது கேட்டால் என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "ரயில்ல ஜன்னலோரம் உட்கார்ந்தா தானா வரும்ங்க" என்பேன். காலை ஆறு நாற்பது ரயிலில் எனக்கு ஜன்னலோரம் என்ன, உட்காரவே இடம் கிடைத்ததில்லை என்பது வேறு கதை.

வரிகள் வந்தது என் தோழியிடமிருந்து. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது கிள்ளான் பக்கம் பண்டமாரானில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்டு வேலை. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வேனை ஓரமாக நிறுத்தி, ஃபிளாஸ்கைத் திறந்துகொண்டு எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். ஏழு இருபத்தைந்துக்கு டாண் என்று வந்துவிடும். ஆரம்பம் எப்போதும் ஒரே கேள்விதான். "பசியாறியாச்சா?" எங்கள் ஊரில் காலையில் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டோம், பசியாறியாச்சா என்போம்.

அதற்குப் பிறகு வேன் கதைகள் வரும். ஒரே குடையில் வந்த அண்ணன் தம்பி சண்டை போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் இழுத்து, இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து ஏறியதை ஒரு நாள் சொன்னாள். "ஒரு குடைக்குள்ள ரெண்டு கோபம், பாவம் குடை என்ன செய்யும்?" என்றாள். அது என் இரண்டாவது பாட்டு. பேச்சுக்கு நடுவில் அவளுக்கே தெரியாமல் எதையோ முனகுவாள். அந்த முனகலை நான் கீபோர்டு நண்பரிடம் என் சொந்த மெட்டு மாதிரி பாடிக் காட்டுவேன். அவர் பிரமாதம் என்பார். நான் கூச்சமே இல்லாமல் சிரித்துக்கொள்வேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவள் மெசேஜை நான் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் ஓடவிடுவேன். வரி ஏதாவது சிக்கியதும் நிறுத்திவிட்டு நோட்டை எடுத்துவிடுவேன். மிச்சத்தை அப்புறம் கேட்கலாம் என்று நினைப்பேன். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

பள்ளி திறந்த முதல் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. அன்று வந்த மெசேஜ் நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி வேனில் ஏறியதிலிருந்து ஓயாமல் அழுதிருக்கிறாள். இவள் கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து, "சரி, அழு. அழுது முடிச்சிட்டுச் சொல்லு, வண்டிய எடுக்கிறேன்" என்றிருக்கிறாள். அந்தப் பிள்ளை நன்றாக அழுது தீர்த்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சிருச்சு ஆன்டி" என்றதாம்.

எனக்குக் கைகால் ஓடவில்லை. ஒன்றரை நிமிடத்திலேயே மெசேஜை நிறுத்திவிட்டேன். "அடியே, சூப்பர் லைன்! இத நான் எடுத்துக்குறேன்" என்று தட்டி, மூன்று இதயங்களும் போட்டு அனுப்பினேன். வெகு நேரம் கழித்து அவளிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. சரி, எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

மூன்றே நாளில் பாட்டு முடிந்தது. அடுத்த வியாழக்கிழமை அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டு ஒலிப்பதிவு. இடையில் அந்த ஒரு வாரம் முழுக்க அவளிடமிருந்து ஒரு மெசேஜும் வரவில்லை. நான் இருந்த மும்முரத்தில் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

அந்தப் பாட்டுதான் பிடித்துக்கொண்ட பாட்டு. அவளுக்கு லிங்க் அனுப்பினேன். "நல்லா இருக்கு" என்று மட்டும் எழுதினாள். அதன் பிறகு அவள் மெசேஜ்கள் சுருங்கிப்போயின. ஒரு நிமிடம், அரை நிமிடம், பிறகு எப்போதாவது ஒன்று. "கூடப் படிச்சவங்களுக்கு நாம மேல போறது பிடிக்காது லா" என்று கீபோர்டு நண்பரிடம் நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பாட்டுக்கு முன்னால் அது பிறந்த கதையை இரண்டு நிமிடம் சொல்லுங்கள் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டிருந்தார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த மெசேஜின் முதல் பகுதியையே மண்டபத்தில் ஒலிக்கவிட்டால் என்ன? அவளிடம் கேட்கவில்லை. என் தோழி என்று சொல்லும் எண்ணமும் இல்லை. "ஒரு வேன் ஓட்டுநர் சொன்னது" என்றால் மேடையில் நன்றாக எடுபடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

போனை ஒலி அமைப்பவரிடம் கொடுத்தேன். "எங்க கட் பண்ணணும்கா?" என்றார். "முடிஞ்சிருச்சு ஆன்டின்னு வரும்ல, அதோட போதும்" என்றேன். அவர் ஒலி அளவைப் பார்க்கிறேன் என்று ஓடவிட்டார். அவள் குரலை அதன் சொந்த வேகத்தில் நான் கேட்டே பல நாள் ஆகியிருந்தது. இவ்வளவு நிதானமாகவா பேசுவாள் என்று ஆச்சரியமாக இருந்தது. நான் சொன்ன இடம் வந்தது. அவர் ஏதோ ஒயரைத் திருகிக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை. கொஞ்சம் முனகல். ஃபிளாஸ்க் மூடியை வைக்கும் சத்தம். பிறகு மண்டபம் முழுக்க அவள் குரல்.

"சரி, கதை போதும். ஏய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மார்புல ஒரு கட்டி மாதிரி இருக்கு டி. ஊசி போட்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க. வர்ற வியாழக்கிழமை ரிசல்ட்டு, ஜி.எச்.ல. இவருக்கு ஷிப்டு மாத்த முடியல. அவர்கிட்ட சின்ன விஷயம்னுதான் சொல்லி வச்சிருக்கேன். நீ ஒரு நாள் லீவு போட முடியுமா? உள்ள வரவேணாம், வெளிய சும்மா உட்கார்ந்திருந்தா போதும். எனக்குப் பயமா இருக்கு டி. லீவு கிடைக்கலன்னா பரவால்ல லா, சங்கடப்படாத. சரி, நீ முதல்ல பசியாறு."

அவ்வளவுதான். ஒலி அமைப்பவர் ஓடிவந்து நிறுத்தியபோது மெசேஜே முடிந்திருந்தது. கீபோர்டு நண்பர், "அந்த வியாழக்கிழமை நாமதானே..." என்று ஆரம்பித்து அப்படியே விட்டுவிட்டார். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த அக்கா கையில் நாற்காலியோடு நின்றிருந்தார். அவர்தான் கேட்டார்.

"யாரும்மா அது? போனீங்களா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியவில்லை.

அங்கிருந்து ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான். அப்படியே கிளம்பியிருந்தால் ஐந்து மணிக்கெல்லாம் அவள் வீட்டு வாசலில் நின்றிருக்கலாம். நான் கிளம்பவில்லை. ஒரு போன்கூடப் போடவில்லை. நிகழ்ச்சியைக் கெடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாலை புடவை கட்டி, பூ வைத்து, மேடை ஏறினேன். பாட்டு எப்படிப் பிறந்தது என்று கேட்டார்கள். "ரயில்ல வரும்போது, ஜன்னலோரமா..." என்றேன். கைத்தட்டினார்கள். அந்த நாற்காலி அக்கா பின்னால் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். நிகழ்ச்சி முடியும்வரை நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை பண்டமாரானுக்குப் போனேன். தோழி வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தையும் உடம்பையும் திருடி மாதிரி ஓரக்கண்ணால் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும், "வா டி. பசியாறியாச்சா?" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் குழாயை மூடிவிட்டு, நான் அழுது முடிக்கட்டும் என்று ஈரக் கையோடு நின்றாள்.

"ரிசல்ட்டு என்ன ஆச்சு?" என்றேன்.

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "அதுவா? வெறும் கொழுப்புக் கட்டி, ஒண்ணுமில்லன்னுட்டாங்க. ஏழு மாசம் ஆச்சு டி, இப்ப வந்து கேக்குற?"

பிறகு அவளே சொன்னாள். அன்று ஒன்றுமில்லை என்று கேட்டுவிட்டு வெளியே வந்திருக்கிறாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வேனில் உட்கார்ந்து போனை எடுத்தாளாம். "உன் மெசேஜ்தான் கண்ணுல பட்டுச்சு. சூப்பர் லைன்னு போட்டிருந்த. அப்படியே போன வச்சிட்டேன். நல்லா அழுதேன். அப்புறம் நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன், அழுது முடிச்சிட்டுச் சொல்லு, வண்டிய எடுக்கிறேன்னு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் அனுப்புன மெசேஜ்ல மைக் படம் நீலமா மாறிருச்சு டி. நீ கேட்டுட்டன்னு நெனச்சேன். கேட்டுட்டுத்தான் லைன் நல்லா இருக்குன்னு மட்டும் சொல்றன்னு நெனச்சேன்."

பாதியில் நிறுத்தினாலும் அந்த மைக் நீலமாகத்தான் மாறும். இத்தனை மாதமும் அந்த நீலத்தை என் பதிலாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். "நான் முழுசா கேக்கல டி. பாதியிலயே நிறுத்திட்டேன்" என்றேன். உண்மையைச் சொன்னால் அவளுக்கு மனம் ஆறும் என்று நம்பினேன். கேட்டுவிட்டு வராமல் இருப்பதைவிட, கேட்காமல் விட்டது சின்னக் குற்றம்தானே?

அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்து வேன் கண்ணாடி மேல் போட்டாள். "அந்த ஒண்ணு மட்டுமா, இல்ல எல்லாமேவா?" என்று கேட்டாள்.

நான் கண்ணாடி மேல் கிடந்த துணியையே பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு நிமிடத்தில் அவள் முகம் மாறியதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

பாட்டில் உன் பெயரைப் போட்டுவிடுகிறேன் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். "பேர வச்சி நான் என்ன பண்ணப் போறேன்? ரேடியோவுல வந்தப்ப வேன்ல இருந்த பிள்ளைங்க எல்லாம், ஆன்டி இது நீங்க சொல்றதுன்னு கத்துச்சுங்க. அதுங்களுக்குத் தெரியும். போதும் லா" என்றாள். கூச்சல் நிறைந்த வேனில்கூட ஏழு வயதுப் பிள்ளைகள் அவள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கின்றன. நான்தான் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டும் கேட்கவில்லை.

அன்று அவள் எனக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தாள். சாப்பிட்டேன். வழக்கம்போல வாசல்வரை வந்து வழியனுப்பினாள். சண்டை என்று எதுவும் இல்லை. திட்டியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

பெயரைப் பிறகு சேர்த்துவிட்டோம். அது என் மனச்சாட்சிக்கு நான் தடவிக்கொண்ட தைலம், அவ்வளவுதான். ரயிலில் அவளுடைய பழைய மெசேஜ்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவளுடைய வேகத்திலேயே, கடைசிவரை கேட்டேன். பல வாரங்கள் ஆயின. என் அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்திருக்கிறாள். தன் பிறந்தநாளுக்கு ஒரு வாழைக்காய்ப் பிரட்டல் செய்து வா என்று கேட்டிருக்கிறாள். ஒரு சனிக்கிழமை பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போகலாமா என்று கேட்டுவிட்டு, "நீ பிசின்னா விடு" என்று அவளே முடித்திருக்கிறாள். எல்லாம் தேதி கடந்துபோன கேள்விகள். ஒரு வரியைக்கூட நோட்டில் எழுத மனம் வரவில்லை. அதன் பிறகு நான் எழுதிய பாட்டுகள் சுமார்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது மீண்டும் தினமும் ஏழு இருபத்தைந்துக்கு அவளிடமிருந்து செய்தி வருகிறது. குரல் இல்லை, எழுத்துதான். "பசியாறியாச்சா?" ஒரே ஒரு சொல். "ஆச்சு, நீ?" என்று உடனே எழுதுகிறேன். மறுபடி ஒரு கட்டைவிரல் வருகிறது. கூட்டத்தில் நின்றபடி அந்த ஒற்றைச் சொல்லை ரயில் பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் அந்த மைக் மறுபடி வந்தால் கடைசி விநாடிவரை கேட்பேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்பேன் என்று நம்பித்தானே அவள் அந்த நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடியும் பேசினாள்.