படகுக் கழிப்பறையும் மூன்று ஆண்களும்

என் கணவரும் அவருடைய இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கியபோது என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாய், கயிறு, பெயின்ட் என்று மூவரும் எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தார்களாம். முன்பக்கம், ஒரு அலமாரி அளவு இடத்தில் இருந்த கழிப்பறையை மட்டும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

நாங்கள் இருப்பது சின்ன காஞ்சிபுரத்தில். நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியை, அவருக்கு வங்கி வேலை. படகு நிற்பது புதுச்சேரி பக்கம், ஆறு கடலில் சேரும் இடத்தில். மாதத்தில் ஒரு ஞாயிறு விடியற்காலையில் காரில் கிளம்பிப் போய், நாலைந்து மணி நேரம் கடலில் இருந்துவிட்டுத் திரும்புவோம். எனக்கும் கடல் பிடித்துத்தான் போனது. அதனால்தான் இத்தனை கோபம்.

அந்தக் கழிப்பறையில் தண்ணீர்த் தொட்டி கிடையாது. பக்கத்தில் ஒரு கை பம்ப் இருக்கும். அதை மேலும் கீழும் இழுத்தால் ஒரு குழாய் கடல் தண்ணீரை உள்ளே கொண்டுவரும், இன்னொன்று கழிவை வெளியே தள்ளும். முதல் பயணத்தில் நான் கை வலிக்க அடித்தேன். போனதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி மேலே வந்தது. மேலே போய்ச் சொன்னேன். மூவரும் சிரித்தார்கள்.

“அத யூஸ் பண்ணாத. கொஞ்சம் அடக்கிக்கோயேன், ரெண்டு மணி நேரம்தான,” என்றார் கணவர்.

அவர்களுக்கு என்ன? படகின் பின்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் வேலை முடிந்தது. எனக்கு ஒரு பக்கெட்டைக் காட்டினார்கள். மூன்று ஆண்கள் தலைக்கு மேலே நடந்துகொண்டிருக்க, ஆடுகிற படகில் பக்கெட்டின் மேல் உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். ஒன்றரை வருடம் அப்படித்தான் போனது. மே மாத வெயிலிலும் அப்படித்தான்.

கடைசியில் சிறுநீர்த் தொற்று வந்து, குளிர்காய்ச்சலோடு மூன்று நாள் படுத்தேன். “டீச்சருங்களுக்கு இது சகஜம்மா. தண்ணியே குடிக்கிறதில்ல நீங்கள்லாம்,” என்றார் டாக்டர். சகஜம் என்ற அந்த வார்த்தை என்னை விடவே இல்லை. என் வகுப்பில் பாதிப் பெண் பிள்ளைகள் பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீர் பாட்டிலைத் திறப்பதே இல்லை. தண்ணீர் குடிங்கடி என்று தினமும் அவர்களிடம் கத்துகிறவள் நான். அதே நான் மூன்று பேருடைய சோம்பேறித்தனத்துக்காக வாயைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறேன். அவர்கள்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேலும் வந்தது.

அடுத்த ஞாயிறு கணவர் படகுக்குப் பெயின்ட் அடிக்கப் போனார். நான் ஸ்பேனர் செட்டோடு கூடவே போனேன். வேலை எப்படி என்று ஒரு வாரம் படித்து வைத்திருந்தேன். படகின் அடியில் கடலுக்குத் திறக்கிற வால்வுகளை முதலில் மூட வேண்டும். மூடாமல் குழாயைக் கழற்றினால் கடல் உள்ளே வந்துவிடும். உள்ளே இழுக்கிற குழாயின் வால்வு சுலபமாக மூடியது. கழிவுக் குழாயின் வால்வு அசையவே இல்லை. துறையில் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் மீனவர் ஒருவர் எண்ணெய் விட்டு, தட்டித் தட்டி அதை மூடிக் கொடுத்தார். நான் பம்பைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்:

“உள்ளாற ஒரு ரப்பர் போயிருக்கும்மா. சார்கிட்ட போன வருசமே சொன்னேன். நாங்க யாரும் அதுல போறதில்ல, இருக்கட்டும்னாரு.”

நான் மேலே வந்து கணவரைப் பார்த்தேன். அவர் காதிலும் விழுந்திருந்தது. பிரஷ்ஷை டப்பாவில் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தார்.

“நாங்கன்னா யாரு? அதுல நான் இல்லியா?” என்று கேட்டேன்.

“எதோ ஞாபகத்துல சொல்லிட்டிருப்பேன்,” என்றார்.

பம்பையும் குழாயையும் மூடி போட்ட பெயின்ட் வாளியில் வைத்து, கார் டிக்கியில் ஏற்றினேன். திண்டிவனம் வருவதற்குள் நாற்றம் தாங்கவில்லை என்று கண்ணாடியை இறக்கினார். இதையெல்லாம் வீட்டுக்கு எடுத்துக்கினு வரணுமா, தெருவில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றார். “ரெண்டு மணி நேரம்தான, கொஞ்சம் அடக்கிக்கோங்க,” என்றேன்.

குழாய்க்குள் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. கடல் தண்ணீரும் சிறுநீரும் சேர்ந்து பல வருடங்களாகச் சுண்ணாம்பு மாதிரி இறுகிப் போயிருந்தன. வீட்டுப் பின்னால் சிமென்ட் தரையில் குழாயை ஓங்கி ஓங்கி அடித்தேன். துண்டு துண்டாக உதிர்ந்தது. பக்கத்து வீட்டில் தறி நின்றது. நெய்துகொண்டிருந்த பெண் சுவருக்கு மேலே தலையை நீட்டி, “இத ஏன் டீச்சர் நீங்க பண்றீங்க, சார் இல்லியா?” என்றாள். சார் உள்ளேதான் இருக்கிறார் என்றேன். அவள் உள்ளே போய் ஒரு பழைய கம்பி பிரஷ்ஷைக் கொண்டுவந்து சுவரின்மேல் வைத்தாள்.

மீதிப் படிவைக் கரைக்க வினிகரில் ஊறப்போட்டேன். நுரைத்துக்கொண்டு கரைந்தது. பம்பில் இருந்த ரப்பர் வால்வு மீன் வாய்போலப் பிளந்த ஒரு சின்னத் துண்டு. கழிவைப் போகவிட்டு, திரும்ப வராமல் மூடிக்கொள்ள வேண்டியது அது. கல்லாகி, வாய் திறந்தபடியே நின்றிருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற இந்த ஒரு பொருளுக்காகவா ஒன்றரை வருடம் என்று நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. புதிய ரப்பர் கூரியரில் வந்தது. துருப்பிடிக்காத கிளாம்ப் வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போனால், பிளம்பரை அனுப்புங்கமா என்றார் கடைக்காரர். பிளம்பர்தான் வந்திருக்கிறேன் என்றேன்.

அடுத்த பயணத்தில் எல்லாவற்றையும் மாட்டி, வால்வுகளைத் திறந்து, பம்ப் அடித்தேன். தண்ணீர் போனது. பத்து நிமிடம் காத்திருந்தேன். திரும்பி வரவில்லை. மேலே வந்து அரை பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். நண்பர்கள் கை தட்டினார்கள். சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் கழிப்பறைப் படம் வந்தது. ‘நாங்களே சரி செய்துவிட்டோம்’ என்று எழுதியிருந்தார்கள். கணவர் அதற்குக் கட்டைவிரல் வேறு தூக்கியிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து, நான் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தது. நண்பர்களில் ஒருவர் டிஷ்யூ பேப்பரை உள்ளே போட்டு அடைத்துவிட்டார். கழிப்பறை சரியானதிலிருந்தே பின்பக்கம் நிற்பதை எல்லோரும் விட்டிருந்தார்கள்.

“உனக்குத்தான அது தெரியும். அடுத்த வாரம் வந்து பாத்துடேன்,” என்றார் கணவர்.

“வரேன். பாக்க மட்டும்தான் வருவேன்,” என்றேன்.

போனேன். ஸ்பேனரை எடுத்து அடைத்தவர் கையில் கொடுத்தேன். கணவர் வாளியைப் பிடித்துக்கொண்டார். முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு இருவரும் உள்ளே மல்லுக்கட்டினார்கள். முதலில் வால்வை மூடுங்கள் என்று ஒரு தரம் மட்டும் சொன்னேன். காலையில் ஆரம்பித்தது மதியச் சாப்பாடு தாண்டியும் முடியவில்லை. அன்று பாய் விரிக்கவே இல்லை. கை கழுவிக்கொண்டு வந்த கணவர், இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது என்றார். கஷ்டத்தைப் பற்றி நான் அவரிடம் ஒருபோதும் பேசியதில்லை, ரப்பர் போனது போன வருடமே அவருக்குத் தெரிந்ததைப் பற்றித்தான் கேட்டேன் என்றேன். இப்போது அந்த ரப்பர் கெடும்போதெல்லாம் மாற்றுவது அவர்கள் வேலை. மாற்றிய ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள்.