மாரப்பன் கேட்ட ஒரு படம்

உங்கள் படத்தில் இருப்பவர் உங்களிடம் கேட்ட படத்தை என்றாவது எடுத்துக் கொடுத்திருக்கிறீர்களா? ஆற்றங்கரை ஊர்களைப் படமெடுக்கும் நம் தொழிலில், நல்ல வெளிச்சத்துக்காக நாள்முழுதும் காத்திருப்போம். ஒரு மனிதர் தலைசீவி வர ஐந்து நிமிடம் பொறுக்கமாட்டோம். கேமராவோடு கரையெங்கும் அலையும் அன்பர்களே, தொண்ணூறுகளின் நடுவே நான் செய்த பிழையை உங்கள்முன் வைக்கிறேன்.

வெள்ளைச் சட்டை

சத்தியமங்கலத்தை அடுத்துப் பவானிக் கரையில் இருபது வீடுகள் கொண்ட ஊர் அது. அக்கரைக்கு ஆள் ஏற்றும் பரிசல்காரர் மாரப்பன். என் கேமராவைக் கண்டதும் வீட்டுக்கு ஓடினார். வெள்ளைச் சட்டையும் ஈரத் தலையுமாகத் திரும்பிவந்து, கைகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார்.

எனக்கு வேண்டியது அதுவன்று. சட்டையைக் கழற்றச் சொன்னேன். என்னைப் பாராமல் துடுப்புப் போடச் சொன்னேன். முகம் தெரிய ஒரு படம் எடுக்கும்படி கேட்டார். பிலிம் ரோல் தீரப்போகிறது, அடுத்தமுறை பார்க்கலாம் என்றேன். அவர் சட்டையை மடித்துப் பரிசலின் உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "செரிங்க. அடுத்தவாட்டி சொல்லிப்போட்டு வாங்க, செரச்சுட்டு நிக்கிறேன்."

கண்காட்சி

அவருடைய முதுகும் வளைந்த துடுப்பும் மின்னும் நீரும் சேர்ந்த அந்தப் படம் கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சியில் ஆளுயரத்துக்குத் தொங்கியது. மாரப்பனுக்கும் கண்காட்சி நடக்கும் இடத்தையும் என் வீட்டு முகவரியையும் ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தேன். அதே வெள்ளைச் சட்டையில் பஸ் ஏறி வந்தார். வந்திருந்தவர்கள் ஒளியைப் புகழ்ந்தார்கள், நிழலைப் புகழ்ந்தார்கள். அவர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "பரிசல் நம்முளுதுதானுங்க. ஆளு ஆருங்க?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

நெகட்டிவ்கள்

அடுத்த ஆண்டு, அந்த முகவரித் தாளோடு அவர் மனைவி பழனியம்மாள் என் வாசலில் நின்றார். மாரப்பன் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாராம். கருமாதிக்கு வைக்க ஒரு படம் வேண்டும். வேறெங்கும் அவர் படம் எடுத்துக்கொண்டதில்லை.

பெட்டியிலிருந்த நெகட்டிவ்களையெல்லாம் விளக்கில் பிடித்துப் பார்த்தேன். முதுகு இருந்தது, காய்த்த உள்ளங்கை இருந்தது, தண்ணீரில் விழுந்த நிழல்கூட இருந்தது. முகம் ஒன்றில்கூட இல்லை. தாகமென்று வந்தவரிடம் கிணற்றின் அழகைப் புகழ்ந்துவிட்டு வாளியை இறக்க மறந்தவனைப்போல, கண்காட்சிப் படத்தையே எடுத்து நீட்டினேன். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. விரலால் படத்தைத் தடவியபடியே கேட்டார்: "முதுகுல எங்கீங்க பொட்டு வெக்கிறது?"

கருமாதியன்று

மணைமேல் அந்த வெள்ளைச் சட்டையை மடித்துவைத்து, அதற்கு மாலை சார்த்தியிருந்தார்கள். கேமராவை வெளியில் எடுக்கவே எனக்குக் கை கூசியது. சடங்கு முடிந்ததும் பழனியம்மாளே என்னிடம் வந்து, ஊரில் உள்ள அத்தனை பேரையும் படமெடுக்கச் சொன்னார். தலைசீவிப் பொட்டிட்டு ஒவ்வொருவராக வந்து விறைப்பாக நின்றார்கள். முதலில் நின்றவர் மாரப்பனின் அண்ணன். அப்போது ஒரு மேகம் சூரியனை மறைத்தது. பழைய பழக்கம், கேமராவைத் தாழ்த்திவிட்டேன். பின்னாலிருந்து பழனியம்மாளின் குரல் வந்தது: "வெயிலு நாளைக்கும் வருமுங்க. நீங்க ஆளை எடுங்க."

அன்று மாலையே சத்தியமங்கலத்தில் ஒரு ஸ்டுடியோவில் கழுவிப் பிரிண்ட் போட்டு, வீடுவீடாகக் கொடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன்.

அந்த முதுகுப் படத்துக்காக இன்றும் என்னைப் பாராட்டுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. ஆகவே அன்பர்களே, எந்தக் கரையிலாவது யாரிடமாவது 'அடுத்தமுறை' என்று சொல்லிவிட்டு வந்திருந்தால், இதை மூடிவைத்துவிட்டு இன்றைக்கே பஸ் ஏறுங்கள்.